யாழ்ப்பாண வெக்கைக்கு எந்தக் கோட்? ஸ்லிம் கோட், கான்வஸ் கோட், தளர் கோட், சேட்-கோட்

கோட் தைக்கத் துணியோடு போனால் தையற்காரர் கேட்கிற முதற்கேள்வி "ஸ்லிம்மா, நோமலா?" என்பதுதான். இப்போது பலர் தேடுகிற உடுப்பு இந்த இரண்டுக்குள்ளும் அடங்குவதில்லை. தோளும் கொலரும் பழைய கோட்டின் ஒழுங்கில் நிற்கவேண்டும். மார்பும் முதுகும் காலும் வேட்டி விழுகிற மாதிரி ஆறுதலாக விழவேண்டும். இதை விளக்கத் தெரியாமல் "கொஞ்சம் லூசாய்த் தையுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தால், இரண்டு அளவு பெரிய ஸ்லிம் கோட் ஒன்று கிடைக்கும். அண்ணனின் உடுப்பைத் தம்பி போட்ட கோலம்.

தளர்வு வேறு, தொளதொளப்பு வேறு. எட்டு முழ வேட்டியைப் பாருங்கள். இடுப்பில் ஒரு பிடி இறுக்கம். அதற்குக் கீழே கொய்யகம் முழுவதும் தன் பாரத்தில் விழுகிறது. அந்த இடுப்புப் பிடி தளர்ந்தால் முழு வேட்டியும் கெட்டுவிடும். தளர்ந்த கோட்டும் அப்படித்தான். பின்கழுத்து, தோளின் மேற்பகுதி, லோங்ஸின் இடுப்புப் பட்டி ஆகிய மூன்று இடங்களும் உடம்போடு கச்சிதமாக நின்றால், மற்ற இடமெல்லாம் அவற்றில் தொங்கி விழும். இந்த மூன்றும் பிடிக்காத உடுப்புக்கு எத்தனை யார் துணி போட்டாலும் வடிவு வராது.

இந்த வெட்டு நேற்று வந்ததல்ல. லண்டனில் ஃபிரெட்ரிக் ஷோல்ட்டே என்ற தையற்காரர், பின்னாளில் வின்ட்ஸர் கோமகன் ஆன பிரித்தானிய இளவரசருக்கு மார்பிலும் தோள்பின்னும் துணி சற்று மிகுந்து விழும் கோட்டுகளை வெட்டினார். 1930களில் இத்தாலியின் நேபிள்ஸில் ரூபினாச்சியின் கடையில் வேலை செய்த வின்சென்சோ அத்தோலினி, கோட்டின் உள்ளே இருந்த மெத்தைகளைப் பெரும்பாலும் எடுத்து, சேட்டின் கை போலக் கோட்டின் கையைப் பொருத்தினார். நேபிள்ஸும் வெயில் ஊர் என்பதை நினைவில் வைக்கலாம். 1975இல் மிலானில் தன் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோர்ஜியோ அர்மானி இந்த மெத்தையில்லா வெட்டை உலகம் முழுவதும் கொண்டுபோனார். 1981இல் பாரிஸுக்கு வந்த யோஜி யமமோட்டோ தளர்வை இன்னும் ஒரு படி தள்ளினார். இன்று கடைகளில் தொங்கும் அகலக் கால் லோங்ஸ், மெத்தையில்லாக் கோட் எல்லாம் இந்த வழியில் வந்தவை.

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குக் கைக்கெட்டும் வழிகள் நான்கு. ஆயத்தமாய் வாங்கும் ஸ்லிம் கோட்சூட். உள்ளே கான்வஸ் என்ற விறைப்புத் துணி வைத்துத் தைத்த முழு வேலைக் கோட். மெத்தையும் லைனிங்கும் குறைத்த தளர் கோட். கோட்டும் சேட்டும் அல்லாத நடுவழியான சேட்-கோட். வாடகைக் கோட்டையும் சேர்த்தால் ஐந்து. ஆனால் அதைப் பற்றிச் சொல்ல ஒரு வரி போதும்: பலருடைய தோளுக்கு வெட்டியது உங்கள் தோளில் நிற்காது, வீடியோவில் அது நன்றாகத் தெரியும்.

ஆயத்த ஸ்லிம் கோட்: ஒரு நாளைக்குச் சரி

கடையில் தொங்கும் விலை குறைந்த கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்பதற்குக் காரணம், துணியின் பின்னால் சூட்டில் உருகி ஒட்டும் பசைக் கான்வஸ். தொழிற்சாலையில் 120 முதல் 160 பாகை வரையான சூட்டில், இயந்திர அழுத்தத்தோடு சில விநாடிகளில் ஒட்டுவார்கள். நன்றாக ஒட்டியதென்றால் பல வருடம் தாங்கும். ஒட்டாதது நாலைந்து லோண்டறிக்குப் பிறகு மார்பிலும், கொலருக்குக் கீழே வெளிப்புறம் மடிந்து நிற்கும் லேப்பலிலும் கொப்புளம் போடும். கொப்புளம் வந்த கோட்டை அயன் பண்ணிச் சரிசெய்யலாம் என்று நினைப்பது வீண். வீட்டு அயனில் சூடு இருக்கும், அழுத்தம் இருக்காது. ஒரு கொப்புளம் அமர்ந்தால் பக்கத்தில் இன்னொன்று எழும்பும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். கீழ்த் தெறிக்கும் பொக்கற்றுக்கும் நடுவே கோட்டின் வெளித்துணியை ஒரு கையாலும் உள்துணியை மறு கையாலும் கிள்ளி மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு படை தனியே வழுக்கினால் அது தைத்த கான்வஸ். வெளித்துணியே தடித்து விறைத்துக் கிடந்தால் பசை.

இதன் பெரிய குறை வெக்கை. பசைப் படை, பொலியெஸ்டர் லைனிங், பொலியெஸ்டர் கலந்த வெளித்துணி என்று மூன்று மூடிகள். மண்டபத்தில் ஏ.சி. இல்லாவிட்டால், மேடையில் வீடியோ லைட்டுக்கு முன் இரண்டு மணித்தியாலம் நிற்கிற மாப்பிள்ளைக்கு முதுகு ஊறிவிடும். ஸ்லிம் வெட்டானால் காற்றுப் போக இடமும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை, குளிரூட்டிய மண்டபத்தில் மட்டும் போடுகிறவருக்கு இது போதும். அதற்குமேல் இதில் பணம் போடத் தேவையில்லை.

கான்வஸ் வைத்த முழுக் கோட்: நீதிமன்றத்துக்கும் வங்கிக்கும்

குதிரைமயிரும் பருத்தியும் கலந்த கான்வஸைக் கைத்தையலில் சிறு சிறு தையலாகப் பிடித்து, மார்புக்கு உருவம் கொடுத்துத் தைப்பது. முழுக் கான்வஸ் கீழ்விளிம்பு வரை போகும். அரைக் கான்வஸ் மார்போடு நிற்கும். நாள்தோறும் கறுப்புக் கோட் போட்டே ஆகவேண்டிய சட்டத்தரணிக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. உடம்பின் சூட்டிலும் ஈரத்திலும் கான்வஸ் மெல்ல மெல்லப் போடுகிறவரின் மார்பாகவே பழகிவிடும்.

இங்கே பிழை வரும் இடம் ஒன்றுதான், ஆனால் பெரிய பிழை. கான்வஸை நனைக்காமல் நேரடியாகத் தைப்பது. ஈரக்காற்றிலும் நீராவியிலும் கான்வஸ் பிறகு சுருங்கும், வெளித்துணி சுருங்காது. மார்பில் துணி அலையலையாய்த் தள்ளி நிற்கும், அதை எவராலும் நேராக்க முடியாது. கான்வஸை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, அயன் பண்ணிய பிறகே வெட்டவேண்டும். தைக்கக் கொடுக்குமுன் இதைக் கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தால் துணியை மடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

சேட்டும் லோங்ஸும் அருமையாய்த் தைப்பவர் எல்லோருக்கும் கோட்டுக் கை இருப்பதில்லை. கோட் தையல் தனி வேலை. தைத்து முடித்த ஒரு கோட்டைக் காட்டச் சொல்லி, பின்கழுத்தில் கொலர் சேட்டின் கொலரோடு ஒட்டி நிற்கிறதா, இடைவெளி விட்டுத் தள்ளி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த ஒரு இடமே போதும்.

தளர் கோட்: எங்கள் தெரிவு

வெக்கைக்கும் வடிவுக்கும் சேர்த்துப் பார்த்தால் இதுவே முன்னுக்கு நிற்கிறது. ஆனால் நான்கிலும் தையற்காரரை அதிகம் சோதிப்பதும் இதுதான். மெத்தையும் லைனிங்கும் பிழைகளை மறைக்கிற சாமான்கள். அவற்றை எடுத்தால் வெட்டில் உள்ள ஒவ்வொரு குறையும் வெளியே தெரியும். "லைனிங் இல்லைத்தானே, கூலி குறையுங்கோ" என்று கேட்பது நியாயமில்லை. லைனிங் இல்லாத கோட்டில் உள்தையல் ஒவ்வொன்றையும் குறுக்கிழைப் பட்டியால் சுற்றி மூடவேண்டும். அதற்கு லைனிங் போடுவதைவிட நேரம் போகும். வெறும் ஓவர்லொக் அடித்துக் கொடுத்தால் கோட்டைக் கழற்றிக் கையில் பிடிக்கும்போது நூல் பல்லிளிக்கும், சேட்டின் மேல் உரசவும் செய்யும்.

முழுவதும் லைனிங் இல்லாமல் விடுவதும் புத்தியல்ல. முதுகின் மேற்பகுதியில் தோளிலிருந்து எட்டு, ஒன்பது அங்குலம் வரைக்கும், இரண்டு கைகளுக்கும் லைனிங் வேண்டும். கைக்கு லைனிங் இல்லாவிட்டால் வியர்வையில் சேட்டுக் கை கோட்டோடு சிக்கி, போடும்போது முழங்கை வரை சுருண்டு ஏறும். லைனிங் துணியாகக் குப்ரோ கிடைத்தால் அதுவே நல்லது. பருத்திக் கொட்டையில் மிஞ்சும் குறுநாரிலிருந்து செய்வதால் ஈரத்தை உறிஞ்சும், வழுக்கவும் செய்யும். குப்ரோ இல்லையென்றால் விஸ்கோஸ் லைனிங். உள்ளூர்க் கடைகளில் முதலில் எடுத்துத் தருவது பொலியெஸ்டர்தான். மெல்லிய பருத்தியை முதுகுக்குப் போடலாம். கைக்குப் போட்டால் சிக்கும்.

தோளுக்கு வருவோம். சோல்டர் பாட், அதாவது தோள் மெத்தை, வேண்டாம் என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று பொருளில்லை. சரிந்த தோள்காரருக்கு மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு படை பஞ்சு போட்டால் போதும். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பது மிகச் சாதாரணம்; தாழ்ந்த பக்கத்துக்கு இன்னொரு படை. தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்திலேயே நிற்கட்டும். அரை அங்குலம் வெளியே போனாலும் தாங்குவதற்கு உள்ளே பாட் இல்லாதபடியால், கையின் தொடக்கத்தில் குழி விழும்.

பெட்டகத்தில் கிடக்கும் அப்பாவின் பழைய கோட்டை எடுத்து, பாட்டைக் கழற்றிவிட்டால் தளர் கோட்டாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அந்தத் தோள் வரி பாட்டின் உயரத்துக்கென்றே உயர்த்தி வெட்டியது. பாட் போனதும் அந்த உபரித் துணி தோளின் நுனியில் பை போலத் தொங்கும். சரிசெய்ய வேண்டுமானால் கைகள் இரண்டையும் கழற்றி, தோள் தையலைத் தாழ்த்தி, கொலரையும் திரும்பப் பொருத்தவேண்டும். அந்தக் கூலிக்குப் புதிதாகவே தைக்கலாம். அந்தப் பழைய கோட்டின் லோங்ஸைப் பாருங்கள்: உயர்ந்த இடுப்பும் இரட்டை மடிப்பும் இருந்தால் அதுவே பெரிய சொத்து.

கைக்குழியில் வரும் பிழை இன்னும் விசித்திரமானது. "வெக்கைக்குத் தாழ்த்தி வெட்டுவம், காத்துப் போகும்" என்பார்கள். கைக்குழி தாழ்ந்தால் கையைத் தூக்கும்போது முழுக் கோட்டும் கூடவே எழும்பும். மாலை போடக் கை தூக்கிய மாப்பிள்ளையின் கோட் காதுவரை ஏறி நிற்கும் படங்களுக்கு இதுவே காரணம். கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக, முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குல இடைவெளியோடு இருக்கட்டும். அகலம் மேற்கையில் கிடைக்கட்டும். கையின் மேல்வளைவுச் சுற்றளவு கைக்குழிச் சுற்றளவைவிட ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் அதிகமாக இருந்து, அந்த மிகுதியைக் கைத்தையலில் சுருக்கிச் சுருக்கி உள்ளே அடக்கவேண்டும். தோளில் மெல்லிய நெளிவு தெரியும். அது பிழையல்ல, நேபிள்ஸ்காரர் விரும்பி வைக்கிற அடையாளம்.

மார்பளவுக்கு மேல் ஸ்லிம் கோட்டில் மூன்று, நான்கு அங்குலம்தான் விடுவார்கள். தளர் கோட்டுக்கு ஐந்தரை முதல் ஏழு வரை விடலாம். இடுப்பில் தெறி போட்டால் ஒரு முஷ்டி உள்ளே போகவேண்டும். ஐந்தடி எட்டு அங்குல உயரத்தாருக்குப் பின்நீளம் இருபத்தொன்பது முதல் முப்பது அங்குலம். பின்பக்கத்தை மூடி நிற்கட்டும். குட்டைக் கோட்டோடு அகலக் கால் லோங்ஸ் சேர்ந்தால் பள்ளிக்கூடப் பெடியன் மாதிரித் தெரியும்.

பொக்கற் வெளியே ஒட்டித் தைத்ததாக இருக்கட்டும். லைனிங் இல்லாத கோட்டில் உள்பொக்கற் வைத்தால் அதன் பை உள்ளே அநாதரவாய்த் தொங்கும், வெளியேயும் தடிப்பாய்த் தெரியும். கைத்தொலைபேசியை அதில் போடாதீர்கள். முன்பக்கத்தைத் தாங்க உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் இழுபட்டுத் தொங்கும். கடைசியாக லேப்பல். தைத்து முடித்த சந்தோஷத்தில் தையற்காரர் அதைக் கடதாசி மடிப்பது போல அழுத்தி அயன் பண்ணிவிடுவார். "லேப்பலை மட்டும் அயன் பண்ணாமல் தாங்கோ" என்று முன்பே சொல்லிவைக்கவேண்டும். அது உருண்டு திரும்பினால்தான் தளர் கோட்.

சேட்-கோட்: தையற்காரர் சேட்டுக்காரரானால்

நல்ல கோட்டுக்காரர் கிடைக்காதவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். சேட்டின் வெட்டு, கோட்டின் துணி. கொலருக்கு மட்டும் மெல்லிய கான்வஸ், முன்பட்டி அகலம், இரண்டு அல்லது மூன்று ஒட்டுப் பொக்கற்றுகள், கீழ்விளிம்பு நேர். சேட் தைக்கத் தெரிந்த எவராலும் ஒழுங்காய் முடிக்க இயலும். பிழை விட இடமும் குறைவு.

கைத்தறி இதற்கு நன்றாய்ப் பொருந்தும். மருதமுனைப் பருத்தித் துணியின் சொரசொரப்பு இந்த வெட்டில் தனி அழகு கொடுக்கும். இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். கைத்தறி இழை நெருக்கம் குறைவென்றால் தோளிலும் முதுகிலும் தையலை ஒட்டி இழை விலகும். அதனால் சாதாரணத் தையல் போதாது, இரண்டு விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். அகலமும் குறைவாகத்தான் வரும்; நாற்பத்துநாலு அங்குலத் துணியென்றால் நீளக் கைச் சேட்-கோட்டுக்கு இரண்டேமுக்கால் யார் வரை எடுக்கவேண்டிவரும்.

பகல் வரவேற்புக்கும் அலுவலகத்துக்கும் வெளிநாட்டிலிருந்து ஆவணியில் வந்து நிற்கும் உறவினரின் விருந்துக்கும் இது கோட்டையே வெல்லும். இரவு ரிசெப்ஷனில் மாப்பிள்ளைக்கு மட்டும் போதாது. தோழன் கோட்டோடு நிற்க மாப்பிள்ளை சேட்-கோட்டோடு நின்றால், பின்னால் அல்பத்தைப் பார்க்கிற பெரியம்மா "ஆர் மாப்பிள்ளை?" என்றுதான் கேட்பா.

பணம் முதலில் லோங்ஸுக்கு

மேற்சொன்ன எந்த வழியை எடுத்தாலும், கையிருப்புக் குறைவென்றால் முதலில் நல்ல லோங்ஸ் தையுங்கள். தளர்ந்த தோற்றத்தின் முக்கால்வாசி லோங்ஸில் இருக்கிறது. கோட்டைக் கழற்றிக் கதிரையில் கொழுவிய பிறகும் அது நிற்கும். சாதாரணச் சேட்டோடு போட்டாலும் எடுபடும்.

இடுப்புப் பட்டி தொப்புளுக்குச் சற்றுக் கீழே வரவேண்டும். ஐந்தடி எட்டு அங்குல உயரத்தாருக்கு, கவட்டிலிருந்து முன்பட்டி வரை பதினொன்றரை முதல் பன்னிரண்டு அங்குலம். இப்போதைய தாழ்ந்த இடுப்பு லோங்ஸ் எட்டரை, ஒன்பதில் நிற்கிறது. அதில் மடிப்பு வைத்தால் மடிப்பு விரிந்து வாய் பிளக்கும். மடிப்பு இரண்டு: முதலாவது ஒன்றேகால் அங்குல ஆழம், நடு அயன் வரியோடு சேர்ந்து கீழே ஓடவேண்டும், இரண்டாவது முக்கால் அங்குலம், பொக்கற்றை ஒட்டி. தொடைச் சுற்று இருபத்தாறு, இருபத்தேழு. காலடிச் சுற்று பதினேழு முதல் பதினெட்டு. குள்ளமாய்ப் பருத்தவர்களுக்குப் பதினாறரையோடு நிறுத்தி, கீழ்மடிப்பும் வைக்காமல் விடலாம். மற்றவர்களுக்கு ஒன்றேமுக்கால் அங்குலக் கீழ்மடிப்பு, காலுக்குப் பாரம் கொடுத்து நேராய் விழவைக்கும். நீளம் சப்பாத்தின் மேற்புறத்தைத் தொட்டு நின்றால் சரி; குவிந்து கிடக்கக்கூடாது.

மடிப்பு பிளப்பதற்கு இன்னொரு காரணம், பின்பக்கத்தில் துணி போதாமை. பின்பக்கம் இறுகினால் முன்மடிப்பை இழுத்துத் திறக்கும். அப்போது தையற்காரர் மடிப்பைத் தைத்து மூடிவிடப் பார்ப்பார். விடாதீர்கள், பின்தையலில் அரை அங்குலம் விடச் சொல்லுங்கள். அதற்காகத்தான் வெட்டும்போதே பின்தையலில் ஒன்றரை அங்குலம் மிகுதி வைக்கச் சொல்கிறோம்.

கால் முறுகுவது வேறு வியாதி. நடக்கும்போது அயன் வரி உள்பக்கம் திரும்பிக்கொண்டு போனால், துணியை மிச்சப்படுத்த இழைக்குச் சாய்வாக வைத்து வெட்டியிருக்கிறார்கள். அயன் வரி துணியின் நீள இழையோடு அச்சொட்டாக ஓடவேண்டும். வெட்டிய பிறகு இதற்கு மருந்து கிடையாது. ஐம்பத்தெட்டு அங்குல அகலத் துணியில் அகலக் கால் லோங்ஸுக்கு ஒன்றரை மீற்றர் கொடுங்கள். ஒன்றேகால் மீற்றரில் முடிக்கச் சொல்வதுதான் இந்தச் சாய்வுக்கு வழி திறப்பது. கோட்டுக்கு இரண்டு மீற்றர் வைத்தால் சூட்டுக்கு மூன்றரை.

மோட்டார் சைக்கிளில் மண்டபத்துக்குப் போகிற ஊர் எங்களது என்பதையும் கணக்கெடுக்கவேண்டும். பதினெட்டைத் தாண்டிய காலடி உதைப்பானிலும் சங்கிலியிலும் சிக்கும். கோட்டைப் போட்டபடி ஓடினால் முதுகு கசங்கும், வெயிலில் வெளிறும். உள்புறம் வெளியே வரத் தோளைத் தோளுக்குள் திருப்பி, நீளவாக்கில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் மண்டப வாசலில் போடுவதே வழி. மெத்தை வைத்த கோட்டை அப்படி மடித்தால் தோள் உடையும். தளர் கோட்டுக்கு ஒன்றும் ஆகாது.

துணி: மெல்லியதை வாங்கினால் ஏமாற்றம்

துணிக்கடையில் எல்லோரும் செய்கிற பிழை, "வெக்கைக்கு மெல்லிசாய்த் தாங்கோ" என்று கேட்பது. மெல்லிய துணி விழாது, பறக்கும். வியர்த்த காலில் ஒட்டும். துணி நீர் போல விழவேண்டுமானால் பாரம் வேண்டும். காற்றுப் போக வேண்டுமானால் நெசவு திறந்திருக்கவேண்டும். இரண்டும் ஒன்றாய் இருக்கிற துணிகள் உண்டு. முறுக்கிய நூலில் வெற்று நெசவாய் நெய்த வூல், சதுர மீற்றருக்கு 240 முதல் 280 கிராம், வெளிச்சத்துக்குப் பிடித்தால் அரிதட்டு மாதிரித் தெரியும். கையில் கசக்கி விட்டால் மடிப்பு நிற்காமல் மீளும். வூல் என்றவுடன் சுவெட்டரை நினைக்கத் தேவையில்லை. வெக்கைக்கு இதுவே முதல்தரம். விலைதான் முதல் தடை, கிடைப்பது இரண்டாவது. கொழும்புப் புறக்கோட்டையிலோ சென்னையிலோ தேடவேண்டிவரலாம்.

லினன் இங்கே எளிதாய்க் கிடைக்கும். சேட்டுக்கான 150 கிராம் லினனில் கோட் தைத்துவிடாதீர்கள். அது கடதாசி போலப் பொடிப்பொடியாய்க் கசங்கும். 280 முதல் 320 கிராம் லினன் பெரிய பெரிய நெளிவாகக் கசங்கும், அது பார்க்க நன்றாயிருக்கும். கடையில் கிராம் எழுதியிருக்காது. ஐம்பத்தெட்டு அங்குல அகலத் துணி ஒரு மீற்றரைத் தராசில் வைத்தால் 300 கிராம் துணியானால் ஏறத்தாழ 440 கிராம் காட்டும். 240 கிராம் துணியானால் 350. சமையலறைத் தராசே போதும்.

டிஆர் என்று விற்கும் பொலியெஸ்டர்-விஸ்கோஸ் துணி விலை குறைவு, நன்றாய் விழும், கசங்காது. லோங்ஸுக்குத் தாராளமாய் எடுக்கலாம். கோட்டுக்கு வெக்கை. விஸ்கோஸ் தனியாய் வந்தால் இன்னும் அழகாய் விழும். ஆனால் நனைந்தவுடன் அதன் பலம் ஏறத்தாழப் பாதியாய்க் குறையும், துவைக்கும்போது முறுக்கிப் பிழிந்தால் தையலோரம் கிழியும். கடைக்காரர் சொல்வதை நம்புவதா என்று சந்தேகமானால் ஓரத்திலிருந்து நாலு இழை உருவி நெருப்பில் காட்டுங்கள். கடினமாய் உருண்டை கட்டினால் பொலியெஸ்டர்; கடதாசி போல எரிந்து சாம்பலானால் பருத்தி, லினன், விஸ்கோஸ் மூன்றில் ஒன்று; மயிர் கருகிய மணம் வந்தால் வூல்.

வெட்டுமுன் நனைக்கவேண்டும். லினனையும் பருத்தியையும் ஓர் இரவு வெறுந்தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அயன் பண்ணிக் கொடுங்கள். நனைக்குமுன் துணியின் நீளத்தில் ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு புள்ளி நூலால் போட்டுவைத்து, உலர்ந்த பிறகு அளந்தால் எத்தனை சதமமீற்றர் சுருங்கியதென்று தெரியும். மூன்றைத் தாண்டினால் இன்னொரு தடவை நனைக்கவேண்டும். வூலை வீட்டில் ஊறவைக்காதீர்கள். நீராவி காட்டினால் போதும்.

நிறத்தில் ஒன்றே ஒன்று. வியர்வை ஈரம் இளஞ்சாம்பலிலும் வான்நீலத்திலும் அப்படியே வரைபடம் போலத் தெரியும். கடும்நீலம், ஒலிவ், புகையிலை நிறம், வெண்மணல் நிறம் காட்டிக்கொடுக்காது.

கிணற்றுத் தண்ணீரும் நீராவி அயனும்

எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். லினனை அதில் சவர்க்காரம் போட்டுத் துவைத்தால் சுண்ணாம்பும் சவர்க்காரமும் சேர்ந்து இழையில் படிந்து, விழவேண்டிய துணி அப்பளம் மாதிரி விறைக்கும். சவர்க்காரக் கட்டிக்குப் பதில் சலவைத் தூளோ சலவைத் திரவமோ எடுத்து, கடைசி அலசலில் பத்து லீற்றர் தண்ணீருக்கு அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி விட்டால் மென்மை திரும்பும். நீராவி அயனில் கிணற்றுத் தண்ணீர் விட்டால் சில மாதத்தில் துளை அடைத்து, ஒருநாள் வெண்மணல் நிறக் கோட்டின் மேல் பழுப்புத் துப்பலாய்த் துப்பும். மழைத் தண்ணீரைப் பிடித்து வடித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் உறையில் கோட்டை மூடிவைப்பது ஈரத்தைப் பூட்டி வைப்பது. பழைய பருத்தி வேட்டியால் மூடுங்கள். போட்டுக் கழற்றிய கோட்டை அன்றைக்கே அலுமாரிக்குள் வைக்காமல், அகலத் தோள் ஹாங்கரில் கொழுவி ஓர் இரவு மின்விசிறிக் காற்றில் விடவேண்டும்.

கடைக்குப் போகுமுன்

வருடத்தில் நாலைந்து கலியாணவீடு, ஓரிரு கூட்டம் என்று போகிறவருக்குக் கடும்நீலத் தளர் கோட்டும் அதே துணியில் இரட்டை மடிப்பு லோங்ஸும் போதும். பிரித்துப் போட்டால் இரண்டும் வேறு வேறு உடுப்பாகும். நல்ல கோட்டுக்காரரைத் தெரியாதவர் லோங்ஸும் சேட்-கோட்டும் தைக்கட்டும். கோட்டே தொழில் உடுப்பானவர் அரைக் கான்வஸுக்குப் போகட்டும். மாப்பிள்ளை காலையில் வேட்டி சால்வை தலைப்பாகையோடுதான் நிற்கப்போகிறார். இரவுக்கு மட்டும் ஒரு கோட் என்றால் தளர் கோட்டை எடுத்து, தோளுக்கு ஒரு படை பஞ்சு கூட்டிக்கொள்ளலாம். படத்தில் கொஞ்சம் எடுப்பாய் நிற்கும்.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஆனியிலேயே துணி கொடுக்கவேண்டும். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்திய மூன்று வாரத்தில் எந்தத் தையற்காரரிடமும் கோட் கொடுக்காதீர்கள். சேட்டுக் குவியலுக்கு நடுவே அது இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் மேசைக்கு வரும். இரண்டு ஃபிட்டொன் கேளுங்கள்: கை பொருத்துமுன் ஒன்று, தெறி தைக்குமுன் ஒன்று. அன்றைக்குப் போடப்போகிற சேட்டையும் சப்பாத்தையும் கையோடு கொண்டுபோங்கள். கண்ணாடிக்கு முன் விறைத்து நிற்காமல் இரண்டு கையையும் மாலை போடுகிற உயரத்துக்குத் தூக்குங்கள், கதிரையில் இருந்து எழும்புங்கள், குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுங்கள். எழும்பி நிற்கும்போது கொலர் தானாகக் கழுத்துக்குத் திரும்பவேண்டும், மடிப்பு தானாக மூடவேண்டும். கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டிவந்த இடத்தில் தையற்காரரின் சுண்ணக்கட்டியால் அப்போதே ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.